மெர்க்குரியின் ஜீர்ணோத்தாரணம்

பழைய பொருள் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால், எந்தப் பழைய நிலைக்கு? கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, பதில் சொல்லப் புகுந்தால் நம்மை வெகுதூரம் இழுத்துச் சென்றுவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து அது வெளிவந்த அன்றைய நிலையா, முதல் சொந்தக்காரர் அதைத் தம் ரசனைக்கேற்ப மாற்றி முடித்த நாளைய நிலையா, அல்லது நம் கைக்கு வந்து சேர்ந்தபோது அது சுமந்திருந்த அத்தனை வருஷத்துத் தழும்புகளோடும் கூடிய நிலையா? கோயில்களையும் ஓவியங்களையும் புதுப்பிக்கிறவர்கள் நெடுங்காலமாக இதைப் பற்றி வாதித்து வந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியைப் போதித்ததோ, ஒரு சாண் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் கார்.

அது 1949-ஆம் வருஷத்து மெர்க்குரி காரின் மாதிரி. அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில், வயதானவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வரும் சாமான்களை விற்கும் சந்தைகளில், இப்படிப்பட்ட மாதிரி வண்டிகள் அட்டைப்பெட்டிகளில் குவியலாகக் கிடைக்கும். ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் ஏதோ ஒரு சிறுவன் ஒட்டி, வர்ணம் பூசி, சிலகாலம் அலமாரியில் வைத்து அழகு பார்த்து, பிறகு மறந்துபோன வண்டிகள் அவை. பசை வழிந்து, சக்கரம் கழன்று, கண்ணாடி மங்கிப்போன இத்தகைய வண்டியை இந்தக் கலையில் ஈடுபட்டவர்கள் ‘க்ளூ பாம்’ என்பார்கள். அப்படி ஒன்றைத்தான் நான் விலைக்கு வாங்கி வந்தேன்.

வாங்கி வந்ததைப் பார்த்த நண்பர் ஒருவர், “இதே மெர்க்குரியைப் புதுப்பெட்டியாகவே கடையில் வாங்கலாமே, இந்தக் குப்பையோடு ஏன் போராட வேண்டும்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏ.எம்.டி. நிறுவனம் 1960-களில் வெளியிட்ட இந்த மெர்க்குரி, அதே அச்சிலிருந்து பலமுறை மறுபடி வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆகவே அபூர்வப் பொருள் என்ற காரணத்தைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்கு அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. விரிவான பதில்தான் இந்தப் பதிவு.

மூன்று வண்டிகள் அடங்கிய பெட்டி

முதலில் இந்தப் பொருளின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகள் மறுபடி ஜனங்களுக்காகக் கார் செய்யத் தொடங்கிய காலத்தில், 1948-இல், டெட்ராய்ட் வட்டாரத்தில் வெஸ்ட் கல்லோக்லி என்ற வழக்கறிஞர் ஏ.எம்.டி. நிறுவனத்தை ஆரம்பித்தார். அந்த வருஷத்துப் புதுக் காரின் சிறிய வடிவத்தைச் செய்து கார் விற்பனையாளர்களுக்குக் கொடுப்பது, அவர்கள் அதைத் தங்கள் வாடிக்கையாளர்களின் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்பதே வியாபாரம். முதலில் அலுமினியத்தில் வார்த்தார்கள். அதனால்தான் நிறுவனத்தின் பெயரிலேயே அலுமினியம் என்ற சொல்லின் முதலெழுத்து நிற்கிறது. விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

1950-களில் இந்தச் சிறு கார்களைப் பெரும்பாலும் செல்லுலோஸ் அஸிடேட் வகைப் பிளாஸ்டிக்கில்தான் வார்த்தார்கள். அந்தப் பதார்த்தத்தின் மென்மைக்காகச் சேர்த்த திரவம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகப் போக, காரின் உடல் சுருங்கி, நடுவில் வளைந்து, வாழைப்பழத்தின் வடிவை அடைந்துவிடும். அந்தக் காலத்து விளம்பர வண்டிகளில் இன்று நேராக நிற்பவை குறைவு. பின்னால் வந்த பாலிஸ்டைரீனுக்கு இந்த வியாதி இல்லை. என்னுடைய மெர்க்குரி பாலிஸ்டைரீன் என்பதனால்தான் இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அதன் எலும்பு நேராக இருந்தது.

1958-இல் ஏ.எம்.டி. ஒரு புதிய யோசனையைக் கைக்கொண்டது. விளம்பர வண்டிக்காகச் செய்த அதே அச்சில் உடலை வார்த்து, பாகங்களைச் சேர்க்காமல் பெட்டியில் போட்டு, சிறுவர்களே சேர்த்துக்கொள்ளட்டும் என்று கடைகளுக்கு அனுப்பியது. வெறும் பாகங்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று வண்டிகளுக்கான சாத்தியம் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அமைக்கலாம். பந்தய வண்டியாக அமைக்கலாம். அல்லது கலிபோர்னியா இளைஞர்களின் பாணியில், உருமாற்றம் செய்த ‘கஸ்டம்’ வண்டியாக அமைக்கலாம். கூடுதல் கிரில், மாற்று விளக்குகள், பின்சக்கரத்தை மூடும் தகடுகள், வேறு வகை ஹப்கேப்புகள் எல்லாம் அந்தச் சட்டத்திலேயே இணைந்து வரும். விலை சுமார் ஒன்றரை டாலர். பத்திரிகை போடும் பையனுக்கும் எட்டக்கூடிய தொகை.

இந்த விவரம் என் வாதத்துக்கு மிகவும் முக்கியம். மாற்றிப் பார் என்று அழைப்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருளில், மாற்றாத வடிவம் மட்டுமே அசல் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெட்டி அந்தச் சிறுவனிடம் கொடுத்தது ஒரு காரை அல்ல, தீர்மானம் செய்யும் உரிமையை. ஆகவே அவன் கட்டி முடித்த வண்டியைப் பிரித்து, தொழிற்சாலைப் படத்தில் இருப்பதுபோல் ஆக்கிவிடுவது புதுப்பித்தல் ஆகாது. அவன் எடுத்த தீர்மானத்தின்மேல் நம்முடைய தீர்மானத்தைப் பூசுவதே ஆகும்.

முதற் பரிசோதனை

எந்தப் பழைய மாதிரியையும் கைக்கு வந்தவுடன் தண்ணீரில் போடக் கூடாது, பிரிக்கக் கூடாது. நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு, நிதானமாக வாசிக்க வேண்டும். நான் அப்படி வாசித்தபோது கண்டவை இரண்டு வகையாகப் பிரிந்தன.

ஒரு பக்கம் சேதங்கள். முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களும் முறிந்திருந்தன. கூரையில் ஒரு விரிசல் பின்கண்ணாடிவரை ஓடியது. பானெட்டின்மேல் பசை பட்ட விரலின் ரேகை, ஒரு முத்திரை போலப் பதிந்திருந்தது. முன்பம்பரின் முலாம் மஞ்சளித்துப் பாதி உதிர்ந்திருந்தது. டயர்கள் சக்கரங்களுக்குள்ளேயே உருகிப் புதைந்திருந்தன.

மறுபக்கம் தீர்மானங்கள். பானெட்டின் நுனியில் இருக்க வேண்டிய சின்னமும், டிக்கியின் கைப்பிடியும், இரு கதவுகளின் கைப்பிடிகளும் இல்லை. அவை ஒடிந்து விழவில்லை. அரத்தால் ராவி, அந்த இடத்தை ஒருவிதப் புட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து மட்டம் செய்திருந்தான் அந்தப் பையன். மட்டம் பூரணமாக இல்லாவிட்டாலும் நோக்கம் தெளிவாக இருந்தது. பின்புற அச்சை உயர்த்திப் பொருத்தி, வண்டியின் வால் தரையை நோக்கித் தாழும்படி செய்திருந்தான். மேலே கறுப்பு எனாமல். அது உரிந்த இடங்களில் கீழே ஆழ்ந்த நீலம். அவன் ஒருமுறை நீலம் பூசி, பிற்பாடு மனம் மாறிக் கறுப்பு பூசியிருக்கிறான். இருக்கைகளுக்குச் சிவப்பு, அதுவும் நூல் பிடித்தாற்போல் ஓரம் பிசகாத சிவப்பு.

கைப்பிடிகளையும் சின்னங்களையும் நீக்கி உடலை வழவழப்பாக்குவது, வாலைத் தாழ்த்துவது — இவை 1950-களில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துக் கஸ்டம் கலையின் அரிச்சுவடிப் பாடங்கள். அந்தப் பையன் மனம்போனபடி ராவவில்லை. ஒரு மரபை எங்கோ பத்திரிகைகளில் பார்த்து, அதைத் தன் கைக்கு எட்டிய கருவிகளால் பின்பற்றியிருக்கிறான்.

அங்கேதான் என் வேலைக்கான விதி எனக்குக் கிடைத்தது. காலமும் ரசாயனமும் செய்த தீங்கை நீக்குவது. கை செய்த தீர்மானத்தைக் காப்பது. முறிந்த தூண் தீங்கு. ராவிய கைப்பிடி தீர்மானம். எது எந்த வகை என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

பிரித்தலும் கழுவுதலும்

பாலிஸ்டைரீனை ஒட்டும் பசை, கோந்து போல இரண்டு பரப்புகளுக்கு இடையே நின்று பிடித்துக்கொள்வதல்ல. அதிலுள்ள கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்து, தான் ஆவியாகி மறைந்துவிடுகிறது. நன்றாகச் சேர்ந்த இணைப்பு உண்மையில் ஒரு பற்றவைப்பு. ஆனால் சிறுவர்கள் உபயோகித்த குழாய்ப் பசை கெட்டியானது; அதிகமாகப் பிதுங்கி, மேலாகவே உறைந்துவிடும். இத்தகைய இணைப்புகளைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் சிலமணி நேரம் வைத்தால் பசை நொறுங்கும் தன்மையை அடைகிறது. பிறகு மெல்லிய பிளேடை நுழைத்து இலேசாகத் திருகினால் பல இடங்களில் பாகங்கள் தாமே விட்டுக்கொடுக்கின்றன. பிளாஸ்டிக்கும் குளிரில் முறியக்கூடியதாகையால் பலம் உதவாது. பொறுமை ஒன்றே உதவும். சேஸிஸ், உள்பாகம், பம்பர்கள், கிரில் என்று ஒவ்வொன்றாக என் மெர்க்குரி பிரிந்து வந்தது.

அந்தக் குழாய்ப் பசைக்கு ஒரு வருத்தமான சரித்திரமும் உண்டு. அதிலிருந்த டொலுவீன் ஆவியைப் போதைக்காக முகரும் வழக்கம் 1960-களில் அமெரிக்கச் சிறுவர்களிடையே பரவியபோது, டெஸ்டர்ஸ் நிறுவனம் தன் பசையில் கடுகு எண்ணெயின் காரச் சத்தைச் சேர்த்து, முகர்ந்தால் மூக்கு எரியும்படி செய்தது. ஒரு பொழுதுபோக்கின் பெயர் கெடாமல் காக்க எடுத்த முயற்சி அது. இன்றும் இந்தக் கரைப்பான்களோடு வேலை செய்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அடுத்தது வர்ணத்தை நீக்குவது. பழைய எனாமலை அகற்றப் பலர் கையாளும் சரக்கு, காருக்கு ஊற்றும் பிரேக் ஆயில்தான். கிளைக்கால் வகையைச் சேர்ந்த அந்தத் திரவம் வர்ணத்தை உப்பச் செய்து கழற்றிவிடும். பாலிஸ்டைரீனைச் சாதாரணமாகத் தொடாது. சாதாரணமாக என்று சொல்வதற்குக் காரணம், பழைய பிளாஸ்டிக்குகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. எனவே வெளியே தெரியாத உள்பரப்பில் ஒரு துளி வைத்து ஓர் இரவு பார்த்த பின்பே உடலை முழுக வைக்க வேண்டும். கையுறை அவசியம், உபயோகித்த திரவத்தைச் சாக்கடையில் கொட்டுவது பாவம். அக்ரிலிக் வர்ணமாயின் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலே போதும். கண்ணாடிப் பாகங்களை இவற்றில் எதிலும் போடாமல் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கறுப்பு முதலில் போயிற்று. நீலம் கொஞ்சம் தயங்கிப் பிறகு போயிற்று. போவதற்கு முன்னால், மறைவான ஒரு மூலையிலிருந்து அந்த நீலத்தின் ஒரு சிறு செதிலைப் பெயர்த்து வெள்ளைக் காகிதத்தில் ஒட்டி வைத்துக்கொண்டேன். உள்பாகத்தை மட்டும் எதிலும் முழுக்கவில்லை. அந்தச் சிவப்பு இருக்கைகளை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. அவற்றில் நான் திருத்த வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

பம்பர்களின் வெள்ளிப் பளபளப்பு மின்முலாம் அல்ல. பிளாஸ்டிக்கின்மேல் ஒரு லாக்கர் பூசி, காற்று நீக்கிய அறையில் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவிடுகிறார்கள். படிவது மெல்லிய அலுமினியப் படலம்தான். வீட்டு ப்ளீச்சில் போட்டால் அந்தப் படலம் கரைந்துவிடும். அடியிலுள்ள லாக்கரைத் தனியாக நீக்க வேண்டும். அது பல பெட்டிகளில் தடித்துக் கிடந்து நுண்ணிய கோடுகளை மூடிவிடுமாகையால், அதை எடுத்த பிறகு கிரில்லின் பற்கள் புதிதாகச் செதுக்கியதுபோல் கூர்மையாகத் தெரிவது ஒரு சந்தோஷம்.

டயர் விஷயம் விசித்திரமானது. சக்கரம் உருகக் காரணம் வெயில் அல்ல. வினைல் டயரை வளையும்படி வைத்திருக்கும் மென்மையூட்டி மெல்லக் கசிந்து, தன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து அதை இளக்குகிறது. அலமாரியில் அசையாமல் நிற்கும் வண்டியிலும் இது வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பாகம் பெட்டிக்குள்ளேயே டயரின்மேல் கிடந்தால் அதிலும் டயரின் தடம் பதிந்துவிடும். புதிய சக்கரங்களைப் பொருத்தும்போது, டயர் தொடும் இடத்தில் மெல்லிய உலோகத் தாளை இடையே சுற்றிவிட்டால் அந்தக் கசிவுக்குத் தடை ஏற்படும். சின்ன விஷயந்தான், ஆனால் அடுத்த ஐம்பது வருஷங்களை உத்தேசித்துச் செய்வது.

கூரையைத் தாழ்த்துதல்

இனி, என்னுடைய சொந்தத் தீர்மானத்துக்கு வருகிறேன். 1949 முதல் 1951 வரை ஒரே உடலமைப்போடு வந்த மெர்க்குரிகள்தான் கஸ்டம் கலைஞர்களின் கைக்கு மிகவும் உகந்த பொருளாக அமைந்தன. தோள்கள் தாழ்ந்து, பக்கங்கள் வழிந்தோடும் தோற்றம். பானெட்டுக்கடியில் 255 கன அங்குல ‘ஃப்ளாட்ஹெட்’ வி-8 எஞ்சின், 110 குதிரைச் சக்தி. 1955-இல் வந்த ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் ஓட்டியதும் 1949 மெர்க்குரியே. அந்தக் காருக்கு இருந்த ஒரே குறை, உடலின் வேகத்துக்குப் பொருந்தாத உயரமான கூரை. கலிபோர்னியாவின் லின்வுட்டில் பட்டறை வைத்திருந்த பேரிஸ் சகோதரர்களில் ஸாம், தம்முடைய சொந்த 1949 மெர்க்குரியின் கூரையை அறுத்துத் தாழ்த்தினார். அப்படித் தாழ்த்தப்பட்ட முதல் மெர்க்குரிகளில் அது ஒன்று. இணைப்புகளை உருக்கிய ஈயத்தால் நிரப்பி மட்டம் செய்வது அக்காலத்து முறை. சகோதரர் ஜார்ஜ் பேரிஸ் பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பேட்மேனின் வண்டியைச் செய்து உலகப் புகழ் பெற்றவர்.

என் மாதிரியின் தூண்கள் எப்படியும் முறிந்துதான் இருந்தன. கூரை எப்படியும் விரிந்துதான் இருந்தது. பையன் தொடங்கிய கஸ்டம் பாதையில் அடுத்த இயற்கையான படி கூரையைத் தாழ்த்துவது. ஆனால் அவன் வைத்திருந்த கூரையை அறுத்துத் துண்டாக்க எனக்குச் சம்மதமில்லை. ஆகவே மறுபதிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் கூரையை எடுத்துக்கொண்டு, பழைய கூரையை முழுசாகக் கழற்றி ஒரு சிறு பெட்டியில் பத்திரப்படுத்தினேன். நண்பர் சொன்ன புதுப்பெட்டி இப்படி உபயோகப்பட்டது: பழையதற்குப் பதிலாக அல்ல, பழையதற்குத் துணையாக.

இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அசல் காரின் ஓர் அங்குலம், மாதிரியில் கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒரு மில்லிமீட்டர். 118 அங்குலம் இருக்கும் மெர்க்குரியின் சக்கர இடைவெளி மேஜையின்மேல் 12 சென்டிமீட்டர் ஆகிறது; பட்டறையில் நான்கு அங்குலம் அறுத்தவர்கள் இருந்தால் நாம் நான்கு மில்லிமீட்டர் அறுக்க வேண்டும். ஸாம் பேரிஸின் கணக்கை அப்படியே மில்லிமீட்டர் அளவுகோலில் பின்பற்றலாம்.

கூரையைத் தாழ்த்துவதில் கடினம் அறுப்பதில் இல்லை, மறுபடி சேர்ப்பதில் இருக்கிறது. தூண்கள் செங்குத்தாக நின்றால், ஒரு துண்டை வெட்டியெடுத்துக் கூரையை இறக்கி வைத்தால் முடிந்தது. மெர்க்குரியின் தூண்களோ உள்நோக்கிச் சாய்ந்தவை. மேலே போகப் போகக் கூண்டு குறுகுகிறது. ஆகவே இறக்கிய கூரையின் அடி, அது உட்கார வேண்டிய இடத்தைவிட நீளத்திலும் அகலத்திலும் குறைந்து நிற்கும். இதற்கு இரண்டு வழிகள். கூரையைக் குறுக்கே வெட்டி நடுவில் ஒரு பட்டையைச் சேர்த்து நீட்டலாம். அல்லது முன்தூண்களைப் பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து, பின்கண்ணாடியையும் அதன் சட்டத்தோடு முன்னோக்கிச் சரித்து, இரண்டும் நடுவில் சந்திக்கும்படி செய்யலாம். இரண்டாவது வழியில் காரின் பக்கத்தோற்றம் ஒரே மூச்சில் வரைந்த கோடாக ஓடுகிறது. நான் அதைக் கைக்கொண்டேன். முன்புறம் நான்கு மில்லிமீட்டர். பின்புறம் சரிவுக்காகச் சற்று அதிகம்.

வெட்ட வேண்டிய இடங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தையே கோடாகக் கொண்டு, நுண்ணிய பற்களுள்ள சிறு ரம்பத்தால் அறுத்தேன். தூண்களுக்குள் மெல்லிய பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகி வலிமை கொடுத்தேன். இடைவெளிகளை நிரப்பச் சிறந்த சரக்கு அதே பிளாஸ்டிக்தான்: பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தின் துண்டுகளைப் பசைக் கரைப்பானில் ஊறவைத்தால் குழம்பாகக் கரையும், அது காய்ந்தால் உடலோடு உடலாகிவிடும். கரைப்பான் முற்றும் வெளியேறும்வரை அது சுருங்கிக்கொண்டே இருக்குமாதலால், வாரக்கணக்கில் ஆறவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்து வர்ணம் பூசிய இணைப்புகள் பல மாதங்களுக்குப் பிறகும் வர்ணத்தின்கீழ் பள்ளமாகத் தலைகாட்டும். நுண்ணிய குழிகளுக்கு மட்டும் இரண்டு பாகமாகக் கலக்கும் புட்டி.

பையன் ராவி நிரப்பிய கதவுகளின் விஷயத்தில் என்ன செய்வது என்பதை வெகுநேரம் யோசித்தேன். அவன் இட்ட புட்டி சுருங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. அது காலத்தின் தீங்கு. கைப்பிடி இல்லாமை அவன் தீர்மானம். எனவே அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பி மட்டம் செய்தேன். கைப்பிடிகளைத் திரும்ப வைக்கவில்லை.

ஹிரோஹாட்டாவின் கார்

இந்த விதி ஒரு பொழுதுபோக்குக்காரனின் சொந்தக் கற்பனை என்று யாரேனும் எண்ணினால், அசல் உலகத்திலிருந்தே ஒரு நிரூபணம் காட்ட முடியும். ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த மாஸாட்டோ ஹிரோஹாட்டா என்ற இளைஞர் 1952-இல் தம் 1951 மெர்க்குரியைப் பேரிஸ் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் கூரையைத் தாழ்த்தினார்கள். பக்கவாட்டில் நடுத்தூணை நீக்கி, ஜன்னல்களை வளைந்து ஓடும் ஒரே வீச்சாக்கினார்கள். ப்யூக் காரின் பக்கப்பட்டையைப் பொருத்தி, அதற்கு மேலும் கீழுமாக இரண்டு பச்சைகள் பூசினார்கள். 1953-இல் ஹிரோஹாட்டா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே இண்டியானாபொலிஸ்வரை போனார்.

பிற்காலத்தில் அந்தக் கார் வேறு வர்ணங்களும் வேறு கைகளும் கண்டு, பழைய கார்களின் அடிமட்ட விலைக்கு இறங்கியது. 1959-இல் ஜிம் மெக்நீல் என்ற பள்ளி வயதுப் பையன் அதை 500 டாலருக்கு வாங்கினார். நெடுங்காலம் வீட்டிலேயே வைத்திருந்து, பல வருஷங்களுக்குப் பின் அதைப் புதுப்பிக்க முற்பட்டபோது அவர் முன்னாலும் அதே கேள்விதான் நின்றது: எந்தப் பழைய நிலைக்கு? மெர்க்குரித் தொழிற்சாலையின் நிலைக்கு அவர் அதைத் திருப்பவில்லை. பேரிஸ் பட்டறையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்குத் திருப்பினார். நடுத்தூணைத் திரும்ப வைக்கவில்லை; இரண்டு பச்சைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் தேசியச் சரித்திர வாகனப் பதிவேட்டில் அந்தக் கார் இடம் பெற்றது. 2022 ஜனவரியில் நடந்த ஏலத்தில் அது 19.5 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. விலையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஒரு தேசம் தன் ஞாபகத்தில் வைக்கத் தகுந்ததென்று தேர்ந்தெடுத்தது தொழிற்சாலையின் காரை அல்ல, கைகள் மாற்றிய காரை என்பதுதான்.

வர்ணம்

உடல் தயாரானபின் சாம்பல்நிறப் பிரைமர். பிரைமருக்கு வேலை வர்ணத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கீறல்களையெல்லாம் அது காட்டிக்கொடுத்துவிடும். காட்டியவற்றை மறுபடி நிரப்பி, நனைத்த நுண் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, ஒரே நிறமாக உடல் தெரியும்வரை அதைத் தொடர வேண்டும். கடுமையான லாக்கரை நேராகப் பிளாஸ்டிக்கில் அடித்தால் அதன் கரைப்பான் பரப்பைக் கடித்து வெடிப்பு உண்டாக்கிவிடும். பிரைமரே அதற்குக் கவசம். எனாமலின்மேல் லாக்கர் அடிப்பதும் ஆகாது.

நிறத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. காகிதத்தில் ஒட்டி வைத்த அந்த நீலச் செதிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு இணையாக லாக்கரைக் கலந்தேன். பையன் பின்னால் கறுப்புக்கு மாறியதும் ஒரு தீர்மானம்தானே என்று கேட்கலாம். கறுப்பை அவன் அவசரமாக, நீலத்தின் கீறல்களை மறைப்பதற்காகவே பூசியிருக்கிறான் என்பது என் அபிப்பிராயம். கீறல் விழுந்த இடங்களில் மட்டும் அது தடித்தும் மற்ற இடங்களில் மெலிந்தும் இருந்தது. நீலமோ எங்கும் ஒரே சீராக இருந்தது. சிவப்பு இருக்கைகளும் நீலத்தோடுதான் பொருந்துகின்றன.

என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். ஜீன் வின்ஃபீல்ட் என்ற கஸ்டம் கலைஞர், ஒரு நிறம் மற்றொரு நிறத்துக்குள் எல்லை தெரியாமல் கரைந்து போகும்படி பூசுவதில் பிரசித்தி பெற்றவர், 1960-களில் ஏ.எம்.டி. நிறுவனத்துக்காகவே பணிபுரிந்தவர். அவருடைய முறையை அனுசரித்து, உடலின் விளிம்புகளில் அதே நீலத்தின் இருண்ட சாயலை மெல்லிய தூறலாக அடித்தேன். உலோகத்தூள் கலந்த வர்ணத்தைத் தவிர்த்தேன். அசல் காருக்குச் செய்த தூள் இந்த அளவில் கூழாங்கல் போலப் பெருத்துத் தெரியும். முடிவில் தெளிந்த லாக்கர். அது நன்றாக இறுகியபின் மிக நுண்ணிய தாளில் தொடங்கி மெருகுக் குழம்பில் முடித்தேன். ஜன்னல் ஓரங்களுக்கு ‘பேர்-மெட்டல் ஃபாயில்’ என்ற, பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, புதிய பிளேடின் நுனியால் கோட்டோடு கோடாக நறுக்கினேன்.

பொருத்தும்போது பின்புற அச்சைப் பையன் வைத்த உயரத்திலேயே வைத்தேன். கிரில்லும் பம்பர்களும் துணைப்பெட்டியிலிருந்து வந்தவை. சேஸிஸின் அடியில், எவை அவன் செய்தவை, எவை நான் சேர்த்தவை என்பதை மெல்லிய பேனாவால் எழுதி, பழைய கூரையுள்ள பெட்டியைப் பற்றியும் குறித்து வைத்தேன். நாளைக்கு இந்த வண்டி இன்னொருவர் கைக்குப் போகும். அவர் என் கூரையை நீக்கிப் பழைய கூரையை வைக்க விரும்பினால் அந்த உரிமை அவருக்கு இருக்க வேண்டும். நீலச் செதில் ஒட்டிய காகிதமும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1950-களிலும் 1960-களிலும் இந்த வண்டிகளைக் கட்டிய தலைமுறை இப்போது மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை குப்பைக்கே போகின்றன. வருஷந்தோறும் புதுக் காருக்காக அச்சைத் திருத்திவிட்ட காரணத்தால் மறுபடி வார்க்கவே முடியாமற்போன மாதிரிகளைச் சேகரிப்பவர்கள் தேடி எடுத்துவிடுகிறார்கள். என் மெர்க்குரியைப் போல எளிதில் கிடைப்பவற்றை யாரும் தேடுவதில்லை. ஆனால் எளிதில் கிடைப்பது அந்த அச்சுதானே தவிர, அதில் ஒரு பையன் செய்த வேலை அல்ல. அது உலகத்தில் ஒரே ஒரு பிரதி. உங்கள் கைக்கு அப்படி ஒன்று வந்தால், திரவத்தை ஊற்றுமுன் அதை வாசியுங்கள். எதைக் காலம் கெடுத்தது, எதை ஒரு மனிதர் தீர்மானித்தார் என்று பிரித்துப் பாருங்கள். கெட்டதைச் சீர்செய்யுங்கள்; தீர்மானித்ததை வைத்துக்கொள்ளுங்கள்; உங்களுடையதையும் அதற்குப் பக்கத்தில் துணிந்து சேருங்கள், அடையாளம் எழுதி வையுங்கள். புதுப்பெட்டி வாங்கலாமே என்று கேட்ட நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: புதுப்பெட்டியில் நான் ஒருவனாகத்தான் வேலை செய்திருப்பேன், இதில் நாங்கள் இருவர்.